மைக் அண்ணிக்கு, கத்திரி எழுதுவது

பிப்ரவரி 9

கத்திரிக்கு,

'அன்புள்ள' என்று போடலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் போடவில்லை. போனில் உன் பெயரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போதாததற்கு, வேலை நேரம் தவிர வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டரம்மா வேறு சொல்லிவிட்டார். கல்யாணமான பதினாறு வருஷத்தில் உன் அண்ணனுக்கு இதைவிட நல்ல சேதி வந்ததே இல்லை. அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் குரல் போய்க்கொண்டிருக்கிறது. தொண்டை கட்டினால் நாலு நாளில் சரியாகும், இது அப்படியில்லை. சொல் ஒவ்வொன்றும் ஈரத் துணி மாதிரி கனத்துப்போய் வருகிறது. ரயில் ஸ்டேஷனில் ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவர் போன வாரம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து இரண்டு பதிவுகளைப் போட்டுக் காட்டினார். இரண்டிலும் அதே பத்து நாற்பது வண்டி, அதே அறிவிப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் அதைச் சொல்லி முடிக்க எடுத்துக்கொண்டது பதினோரு வினாடி. இப்போது பதினாறு. "அக்கா, நீங்க 'நடைமேடை'ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள வண்டியே கிளம்பிடுது" என்றார். புகார்ப் புத்தகத்தில் ஒருவர், 'அறிவிப்பாளர் குடித்துவிட்டு வருகிறாரா?' என்றே எழுதியிருக்கிறார். கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

மேலாளர் ஜூன் ஒன்று வரை தவணை கொடுத்திருக்கிறார். அன்றைக்கு அறிவிப்பு அறையில் கடிகாரத்தோடு உட்காருவாராம். பன்னிரண்டு வினாடிக்குள், கேட்கிறவர்களுக்குப் புரியும்படி நான் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் தொலைந்த பொருள் கவுண்டர். பத்தொன்பது வருஷமாக என் குரலைக் கேட்டு ரயிலேறுகிற ஊர் இது. குடையும் சாப்பாட்டுப் பையும் எடுத்துக் கொடுக்க நான் பிறக்கவில்லை. மைக்கை விடமாட்டேன், எழுதி வைத்துக்கொள்.

டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தார், முட்டியைத் தட்டிப் பார்த்தார், கையைப் பிடித்துவிட்டு "என்ன இப்படி ஜில்லுன்னு இருக்கு?" என்றார். தைராய்டு குறைவாகச் சுரக்கிறதோ என்று அவருக்குச் சந்தேகம். திங்கட்கிழமை ரத்தம் கொடுக்கப் போகிறேன். "முகம் எப்பலேர்ந்து இப்படி ஊதியிருக்கு?" என்று கேட்டார். உன் அண்ணன் முந்திக்கொண்டு, "கட்டினப்ப எப்படி இருந்தாளோ இப்பவும் அப்படியேதான் இருக்கா டாக்டர்" என்றார். ஆசையில் சொன்னாரா, என்னைப் பார்ப்பதே இல்லையா என்று எனக்கும் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை.

எனக்கு முடி வெட்டி, என் முகத்தை உற்றுப் பார்த்துப் பழகியவள் நீ ஒருத்திதான். எந்த மாதத்திலிருந்து என்னென்ன மாறியது என்று எழுதி அனுப்பு. செப்டம்பரில் உன் புதுக் கடைத் திறப்பு விழாவில் நான் தூங்கிப்போனதையும், எல்லோர் முன்னாலும் நீ சொன்ன சொல்லையும் இந்தக் கடிதத்தில் நான் எடுக்கவில்லை. எடுத்தால் பேப்பர் போதாது.

மைக் அண்ணி

பிப்ரவரி 14

மைக் அண்ணிக்கு,

எடுக்கவில்லை என்று சொல்லியே எடுத்துவிட்டீர்கள். உங்களுக்கு யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்!

நானும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், மன்னிப்புக் கேட்கிற கடிதம் இல்லை இது. என் அண்ணி பெரிய குரல்காரி, அவங்க வாயால்தான் கடை திறக்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லி நாற்பது பேரைக் கூட்டி வைத்திருந்தேன். நீங்களோ ஹேர் டிரையருக்கு அடியில் உட்கார்ந்து, வாயைப் பிளந்துகொண்டு குறட்டை. உலுக்கி எழுப்பி மைக்கைக் கொடுத்தால் கடைப் பெயரையே தப்பாகச் சொன்னீர்கள், அதுவும் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. கூட்டம் சிரித்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? வாயில் வந்ததைச் சொன்னேன்.

சரி, கேட்டதற்குப் பதில். என் தொழில் சுத்தம் உங்களுக்குத் தெரியும்.

முதலில் போனது புருவம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், நீங்கள் பச்சைச் சட்டை போட்டு வந்த அன்றைக்குக் கவனித்தேன். இரண்டு பக்கமும் வெளி ஓரத்தில் முடியே இல்லை. யாரோ அழித்த மாதிரி இருந்தது. உங்களிடம் சொல்லவில்லை. மனசு கஷ்டப்படும் என்று பென்சிலால் வரைந்துவிட்டேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் வரைந்தேன். அண்ணனுக்குத் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு தலை வந்துவிட்டது. வெட்டிவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். அதற்கப்புறம் தலைமுடி. சீப்பை வைத்தால் கத்தையாக வந்தது, தொட்டால் தேங்காய் நார் மாதிரி இருந்தது. போன வருஷம் ஆரம்பத்தில் கண்ணுக்குக் கீழே வீக்கம், தூங்கி எழுந்த முகம் நாள் முழுக்க. தோல் வறண்டு, கிரீமை ஊற்ற ஊற்றக் குடித்தது. வெயில் காலத்தில்கூட என் பழைய கடையில் ஏசியை நிறுத்தச் சொன்னீர்கள். அன்றைக்கு வந்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். செப்டம்பரில் கன்னம் மஞ்சள் பூத்த மாதிரி வெளிறி இருந்தது, பவுடரை மாற்றிச் சமாளித்தேன்.

எழுதும்போதுதான் தோன்றுகிறது. இவ்வளவையும் பார்த்தேன், பார்த்துப் பார்த்து மூடிவைத்தேன். இந்தக் கடிதத்தை டாக்டரிடம் அப்படியே காட்டுங்கள்.

கத்திரி

மார்ச் 6

கத்திரிக்கு,

உன் கடிதத்தை டாக்டரம்மா இரண்டு முறை படித்தார். "உங்க நாத்தனார் என்ன படிச்சிருக்காங்க?" என்று கேட்டார். முடி வெட்டப் படித்திருக்கிறாள் என்றேன். "என் ஜூனியருங்க கேஸ் எழுதறதைவிட நல்லா இருக்கு" என்றார். இதைச் சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

ஆனால் பரிசோதனை முடிவு தலைகீழாக வந்திருக்கிறது. எனக்குத் தைராய்டு குறைவு இல்லையாம், அதிகமாம்! டாக்டரம்மா பேப்பரைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி பேப்பரைப் பார்க்கிறார். "அதிகமா இருந்தா நெஞ்சு படபடக்கணும், ஆள் இளைக்கணும், கை நடுங்கணும். உங்க நாடி நிமிஷத்துக்கு ஐம்பத்தி நாலுதான் அடிக்குது. எடை வேற ஒன்பது கிலோ ஏறியிருக்கு" என்றார். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். "டானிக், சத்து மாத்திரை?" ஒன்றுமே இல்லை டாக்டர், தலைமுடிக்குக் கொஞ்சம் மூலிகை, அவ்வளவுதான் என்றேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அதே முடிவுதான்.

எனவே சுரப்பை அடக்குகிற மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், அரை மனதோடுதான். வரும் திங்கட்கிழமை தொடங்க வேண்டும். இதற்கிடையில் எனக்குப் படியேறுவது மலையேறுவதாக இருக்கிறது. அறிவிப்பு அறை மாடியில் என்பது உனக்குத் தெரியுமே. நேற்று பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பயணி வந்து "உங்க வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். எல்லா வண்டியும் என் வண்டிதான் என்றேன். போய்விட்டார்.

அடக்கி வைத்தால் குரல் வந்துவிடும் என்று நம்பிக்கையோடு இருக்கிறேன். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இன்னொன்று. மாதாமாதம் நீ அண்ணன் பெயருக்கு அனுப்பும் முடி மாத்திரை டப்பா வந்தது. இந்தத் தடவையும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. இருந்தாலும் ஒரு நாள்கூடத் தவறாமல் போடுகிறேன். முடி சீக்கிரம் வளரட்டும் என்று இப்போது இரண்டிரண்டாகப் போடுகிறேன்.

மைக் அண்ணி

மார்ச் 9

அண்ணி,

அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டேன். அந்த அடக்குகிற மாத்திரையைத் தொடக்கூட வேண்டாம். நான் அனுப்பிய டப்பாவையும் தூக்கிப் போடுங்கள். "ஏன்டி?" என்று கேட்டான். கடிதத்தில் எழுதுகிறேன் என்று வைத்துவிட்டேன். வாயால் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இன்று காலை ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அம்மா முடி வெட்ட வந்தார். உங்கள் கடிதம் கண்ணாடி முன்னாலேயே கிடந்தது. எனக்கு மனசே சரியில்லை, உங்கள் உடம்பு இருக்கிற நிலையையும் பரிசோதனை முடிவையும் சொல்லி, இது எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன். அவர் என் அலமாரியைத்தான் பார்த்தார். "அவங்க இந்த முடி மாத்திரை சாப்பிடுறாங்களா? இதுல என்ன இருக்கு?" என்றார். மூலிகை என்றேன். "எங்கிட்டயேவா? உண்மையைச் சொல்லும்மா" என்றார்.

உங்களிடமும் உண்மையைச் சொல்கிறேன். அதில் ஒரு மூலிகையும் கிடையாது. மொத்தமாக வாங்குகிறேன். கம்பெனி லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிட்டு, 'சுத்த மூலிகை' என்று அச்சடித்த என் கடை லேபிளை ஒட்டுகிறேன். உள்ளே இருப்பது பயோட்டின் என்கிற வைட்டமின். முடிக்கு எல்லோரும் சாப்பிடுவதுதான், விஷம் இல்லை. ஆனால் என்னுடையதில் அது மிக அதிக அளவு. அந்த அம்மா சொன்னது: "பயோட்டின் அதிகமா இருந்தா எங்க மெஷினை ஏமாத்திடும்மா. தைராய்டு குறைஞ்சு கிடந்தாலும் கூடியிருக்குன்னு காட்டும். அதனாலதான் ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி நிறுத்தச் சொல்லுவோம். எத்தனை நாள்னு டாக்டர் சொல்லுவாங்க. சொல்றதுக்கு, சாப்பிடுறது என்னன்னு அவங்களுக்கு முதல்ல தெரியணுமே."

கத்திரி கையிலிருந்து விழுந்துவிட்டது அண்ணி. பாதி வெட்டிய தலையோடு அந்த அம்மாவை உட்காரவைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

குறைந்துபோன சுரப்பை இன்னும் அடக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புருவம் போனதை நானே வரைந்து மறைத்தேன், ரத்தம் சொல்ல வந்ததையும் நானே மறைத்திருக்கிறேன். உரித்த கம்பெனி லேபிள் ஒன்றைக் குப்பையில் தேடி எடுத்து உள்ளே வைத்திருக்கிறேன். அளவு அதில் இருக்கிறது. டாக்டரிடம் காட்டுங்கள். யார் செய்த வேலை என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

கத்திரி

மார்ச் 24

என் கத்திரிக்கு,

உன் கடிதம் வந்த அன்று முழுக்க உன்னைத் திட்டினேன். தொண்டைக்கு ஓய்வு என்பதால் மனசுக்குள்ளேயே திட்டினேன், அதில் வேகம் குறையவில்லை. உன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "என் தங்கச்சியைத் திட்டுறியா, என்னையா?" என்று கேட்டார். இரண்டு பேரையும் என்று எழுதிக் காட்டினேன்.

மறுநாள் லேபிளை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். பார்த்ததும் நெற்றியில் தட்டிக்கொண்டார். "மூலிகைன்னீங்களே!" டப்பாவில் அப்படித்தான் எழுதியிருந்தது என்றேன். "உங்க உடம்பு சொன்னதை நம்பாம பேப்பரை நம்பினேன் பாருங்க" என்று தன்னையும் திட்டிக்கொண்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு வாரம் எந்த மாத்திரையையும் விழுங்காமல் இருந்து மறுபடி ரத்தம் கொடுத்தேன்.

டி.எஸ்.எச். என்று ஒரு கணக்கு. நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு எழுபத்தி எட்டு! பரீட்சையில்கூட நான் அவ்வளவு வாங்கியதில்லை. டாக்டரம்மா எனக்குப் புரியும்படி சொன்னார்: "மூளை மைக் பிடிச்சு 'சுர, சுர'ன்னு கத்திக்கிட்டே இருக்கு. கழுத்துல இருக்கற சுரப்பி அசையவே மாட்டேங்குது. அது அசையாததால மூளை இன்னும் பெருசா கத்துது. அந்தக் கத்தல்தான் இந்த எழுபத்தி எட்டு." அறிவிப்பைக் காதில் வாங்காமல் பெஞ்சில் படுத்திருக்கிற பயணிகளை நான் பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறேன். உடனே விளங்கிவிட்டது.

ஆக, தைராய்டு குறைவுதான். குரல், குளிர், தூக்கம், எடை, மறதி, உன் புருவம் எல்லாம் அதுதான். தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அப்புறம் ஒரு மணி நேரம் காபி கிடையாது. அநேகமாக ஆயுசு முழுக்க. மற்றவர்கள் இதைக் கேட்டு அழுவார்களாம். நான் டாக்டர் அறையிலேயே சிரித்துவிட்டேன். சோம்பேறியாகிவிட்டேன், வயசாகிவிட்டது, புத்தி மழுங்கிவிட்டது என்று இரண்டு வருஷமாக என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். அது எதுவும் இல்லை, ஒரு சின்ன மாத்திரை அளவுதான் கோளாறு.

இப்போது நான் எடுக்கமாட்டேன் என்றதை எடுக்கிறேன். அன்றைக்கு உன் கடையில் நாற்பது பேர் முன்னால் என்ன சொன்னாய்? "நான் முன்னேறுறது பொறுக்காம அண்ணி நடிக்கிறாங்க" என்றாய். சிரித்த நாற்பது பேரை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். அந்த ஒரு சொல் ஆறு மாதமாகத் தொண்டையிலேயே நிற்கிறது.

அப்புறமும் ஏன் உன் மாத்திரையை ஒரு நாள் விடாமல் விழுங்கினேன் தெரியுமா? முடிக்காக இல்லை. கடிதம் இல்லை, போன் இல்லை, மாதம் ஒரு டப்பா மட்டும் வரும். உன்னிடமிருந்து எனக்கு வந்தது அது ஒன்றுதான். டாக்டர் "வேற மாத்திரை?" என்று கேட்டபோது அது என் நினைவிலேயே மாத்திரையாக இல்லை.

மைக் அண்ணி

மார்ச் 29

அண்ணி,

கடையைச் சாத்திவிட்டு எழுதுகிறேன். இன்று எந்தத் தலையும் குறுக்கே வராது.

நீங்கள் நடிக்கவில்லை. நான் சொன்னது தப்பு. மன்னித்துவிடுங்கள்.

இதை எழுத ஆறு மாதம் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் டப்பாவோடு வைக்க ஒரு சீட்டை எடுப்பேன். 'அண்ணி' என்று எழுதுவேன். அதற்கு மேல் கை ஓடாது, கிழித்துப் போட்டுவிட்டு டப்பாவை மட்டும் அனுப்புவேன். அந்தச் சீட்டில் நாலு வார்த்தை எழுதியிருந்தால் நீங்கள் அந்த மாத்திரையை இவ்வளவு பத்திரமாக விழுங்கியிருக்கமாட்டீர்கள். கர்வம்தான், வேறென்ன.

என் கடை லேபிள் அத்தனையையும் உரித்துவிட்டேன். மாத்திரை வாங்கிய ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னேன். இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள், ஒருத்தி இனி வரமாட்டேன் என்றாள். நியாயம்தான். கண்ணாடிக்கு மேலே இப்போது பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: 'முடிக்கு என்ன சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.' பரிசோதனைக் கூடத்து அம்மா பாதி வெட்டிய மீதியை வெட்டிக்கொள்ள வந்தபோது படித்துப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் கடை மாதிரி இருக்கு" என்றார்.

குரல் எப்போது திரும்புமாம்? ஜூன் ஒன்றுக்குள் வருமா? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் கத்திரி

மே 26

அன்புள்ள கத்திரிக்கு,

பார்த்தாயா, 'அன்புள்ள' போட்டுவிட்டேன்.

பதில் எழுதத் தாமதித்தது கோபத்தால் இல்லை. சொல்லும்படி ஏதாவது நடக்கட்டும் என்று காத்திருந்தேன். முதல் மூன்று வாரம் ஒன்றுமே தெரியவில்லை. காபிக்காகக் கடிகாரத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். நாலாவது வாரம் ஒரு நாள் படியேறி அறிவிப்பு அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான், நடுவில் எங்கேயும் நிற்கவில்லை என்று உறைத்தது. ஐந்தாவது வாரம் உன் அண்ணனுடைய போர்வையைத் திருப்பிக் கொடுத்தேன். ஏழாவது வாரம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எழுபத்தி எட்டு இறங்கி ஒன்பதுக்கு வந்துவிட்டது. மாத்திரை அளவைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள். முகம் வடிந்திருக்கிறது. உன் அண்ணனைக் கேட்டேன். "அப்படியேதான் இருக்கே" என்றார்!

குரலைப் பற்றி டாக்டரம்மா எந்த வாக்கும் கொடுக்கவில்லை. "வரும், ஆனா உங்க மேலாளரோட காலண்டரைப் பார்த்து வராது" என்றார். நானே தினமும் குளியலறையில் பத்து நாற்பது வண்டியை அறிவித்துப் பார்க்கிறேன். பதினைந்து, பதினாலு, முந்தாநாள் பதின்மூன்று. நேற்றும் பதின்மூன்று. இன்னும் ஒரு வினாடியைக் குறைக்க வேண்டும். பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் படுத்திருந்த சுரப்பி எழுந்து உட்கார்ந்துவிட்டது, இந்த ஒரு வினாடி எம்மாத்திரம்! சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு முன்னால் என்னை நினைத்துக்கொள்.

புருவ ஓரத்தில் பூனை முடி மாதிரி ஏதோ முளைக்கிறது. நிஜமா என் ஆசையா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மைக் அண்ணி

ஜூன் 1, விசாரணை கவுண்டரில் கொடுத்தனுப்பிய சீட்டு

அண்ணி,

நான் கீழே, மூன்றாம் நடைமேடைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கடைக்குப் பூட்டு. முதல் வண்டிக்கே வந்துவிட்டேன். முன்கூட்டிச் சொன்னால் நீங்கள் படபடத்துப் போவீர்கள் என்று சொல்லவில்லை.

பத்து நாற்பது வண்டியைக் கேட்டேன். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன். பன்னிரண்டு வினாடி. 'நடைமேடை' என்ற இடத்தில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது, உங்கள் வாயில் அது அல்வா மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. பெஞ்சில் படுத்திருந்த ஒருவர் எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். உங்கள் மேலாளர் மாடிப்படியில் இறங்கும்போது, "தொலைந்த பொருள் கவுண்டருக்கு வேற ஆளைத்தான் பார்க்கணும்" என்று யாரிடமோ சொன்னதை என் காதால் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன், யார் பார்த்தால் என்ன.

பக்கத்தில் இருந்தவர் என்னிடம், "யாரும்மா இது, புதுசா வேலைக்குச் சேர்ந்த பொண்ணா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, பழைய ஆளுதான். எங்க அண்ணி" என்றேன்.

இறங்கி வாங்க. புருவத்தைப் பார்க்க வேண்டும். பென்சிலைக் கொண்டுவரவில்லை.

கத்திரி